ஞாயிற்றுக்கிழமை காய்ந்த வெள்ளைத் துணி

அந்த அறையில் தரைக்குப் பூசிய மெழுகின் மணம் இருந்தது. நீளமான மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட். யாரும் தொடவில்லை. எடுத்துத் தின்றால் பழக்கவழக்கம் தெரியாதவள் என்று எழுதுவார்களா, தின்னாவிட்டால் ஒட்டாதவள் என்று எழுதுவார்களா என்ற யோசனையிலேயே என்னுடைய முதல் பத்து நிமிடம் போய்விட்டது.

சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகம் அது. ஓல்டனிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் போனால் வருகிற எங்கள் சின்ன ஊரில் அதை முடிவுசெய்ய ஒரு குழு இருக்கிறது. அதன் தலைவர் மாடு வளர்ப்பவர். சிவந்த முகம், பெரிய கைகள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஒரு இளைஞர், இன்னும் இரண்டு பேர். நாட்டில் எத்தனை மாநிலம், ஊருக்குள்ளால் ஓடும் ஆறு எது, பழைய கடதாசியை எந்த நாளில் வெளியே வைப்பது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாயிற்று. கடதாசியை நூலால்தான் கட்டவேண்டும், டேப் ஒட்டக்கூடாது என்று அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். தலைவர் மகிழ்ந்துபோனார்.

பிறகு என் கோப்பைப் புரட்டி ஒரு தாளை வெளியே எடுத்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“ஃப்ராவ் குரூஸ், நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்ப்பதுண்டா?”

ஃப்ராவ் என்றால் திருமதி; திருமதி குரூஸ் நான்தான். அந்தத் தாளில் இருந்தது நான் எழுதிய பாட்டு.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் பனியில் சறுக்கி விழுந்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு பாசலிலிருந்து ஒரு வாசகி, “அன்ரி, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிந்திச் சிவப்புப் பாஸ்போர்ட்?” என்று கேட்டிருந்தார். மகளே, அதற்குக் காரணம் பழைய சீனர்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய சீனர்கள்.

அக்காவுக்கு மூன்று நாள்

முதலில் எனக்கு அந்தப் பாஸ்போர்ட் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

இவரும் மகளும் முன்பே எடுத்துவிட்டார்கள். “எனக்கெதுக்கு, மன்னாரிலை பிறந்த சீவன் மன்னார்ச் சீவனாயே இருக்கட்டும்” என்று அப்போது நான் பெரிய வீறாப்போடு விட்டுவிட்டேன். அந்த வீறாப்புக்கு வட்டியும் முதலுமாகப் பிறகு அனுபவித்தேன்.

என் அக்கா லண்டனில் இருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அம்மா இல்லாத குறை எனக்குத் தெரியாமல் வளர்த்தவர். முன்பெல்லாம் வருடம் ஒருக்கால் அவரே இங்கே வந்துவிடுவார். வந்ததும் என்னுடைய சமையலறை அலுமாரிகளைத் திறந்து பார்த்து, “ஏனடி இப்பிடிக் குப்பையாய் வைச்சிருக்கிறாய்?” என்று கேட்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு அக்கா வந்த மாதிரி இருக்கும்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதன்பின் அவரால் எங்கும் பயணம் போக முடியவில்லை. நான் போகலாமென்றால் என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட். இரண்டு தரம் விசாவுக்குப் போட்டேன். இரண்டு தரமும், நான் சுவிசுக்குத் திரும்பிப் போவேன் என்பதில் தங்களுக்குத் திருப்தியில்லை என்று பதில் வந்தது. முப்பது வருடமாக ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறை. கோடை விடுமுறைக்குக்கூட பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் போய்விட்டு மூன்றாம் நாள் வந்துவிடுகிறவள் நான். திரும்பிவர மாட்டேனாம்.

அக்கா கதைக்கத் தெம்பாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பூசை முடிந்து வந்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் கதைப்போம். மற்ற நாட்களில் போன் அடித்தால், “களைப்பாயிருக்கடி, பிறகு எடு” என்ற ஒரு வசனம்தான் வரும். அவர் போய்ச்சேருவதற்கு முன் ஒருக்கால் போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும். இதுதான் என் ஆசை. வேறொன்றுமில்லை.

யோடல் நிரம்பிவிட்டது

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, ஊரின் பண்பாட்டு வாழ்க்கையில் பங்கெடுப்பதற்கு ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். தமிழ்ப் பூசை, மடுமாதா திருநாள், கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு முந்நூறு பேருக்குப் புரியாணி என்று அடுக்கினேன். ஊர்ச்சபைக் கந்தோரிலிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது உங்களுடையது. எங்களுடையது ஏதாவது?” என்றாள்.

சரி என்று மாலை வகுப்புகளின் புத்தகத்தை வாங்கிவந்து பார்த்தேன். யோடல் பாட்டு வகுப்பு நிரம்பிவிட்டது. பாற்கட்டி செய்யும் வகுப்பு சனிக்கிழமை; எனக்கு வேலை. அல்ப்ஹோர்ன் ஊதுவதற்கு இவர் விடவில்லை. “உந்த நீளக் குழலைக் கொண்டுவந்து வீட்டிலை எங்கை சாத்துறது? என்ரை நெஞ்சிலையோ?” என்றார். புதன்கிழமை பின்னேரத்தில், என்னுடைய வேலை முடிகிற நேரத்தில், இடமிருந்த ஒரே வகுப்பின் பெயர் ‘பழைய சீன நாட்டுப் பாடல்கள்: நடையும் செல்வாக்கும். முன்னறிவு தேவையில்லை.’

கந்தோருக்குப் போன் பண்ணி இது உங்களுடையதா என்று கேட்டேன். அந்தப் பெண் உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, “ஓம், அது எங்களுடையதுதான்” என்றாள்.

ஆக, மன்னார்க்காரி ஒருத்தி சுவிஸ்காரி ஆவதற்காகச் சீனப் பாட்டுப் படிக்கப் போனாள். படிப்பித்தவர் ஹெர் ஷ்டால்டர் என்ற ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். சீனாவைக் கண்ணால் கண்டதில்லை; விமானம் என்றால் அவருக்குத் தலைசுற்று. வகுப்பில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஒருவர் தவறாமல் வந்து தவறாமல் தூங்குவார். எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக ஹெர் ஷ்டால்டர் ஜெர்மனை மிக மெதுவாகப் பேசுவார். அவரும் சேர்ந்து தூங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

மணியடித்துப் பாட்டுச் சேர்த்தவர்கள்

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பாட்டுகள் என்னைப் பிடித்துக்கொண்டன.

அவை அரண்மனைப் பாட்டுகள் அல்ல. கீரை பறித்தவள், நெய்தவள், போருக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவன், அவனுக்காகக் காத்திருந்தவள், இவர்கள் பாடியவை. யார் பாடினார் என்று பெயரில்லை. ஒரு அடிக்குப் பெரும்பாலும் நாலே நாலு சொல். முதலில் ஒரு வாத்து வரும், அல்லது ஒரு செடி, ஒரு ஆறு. அது என்னத்துக்கு வந்தது என்று யோசிக்கும்போதே பாட்டு ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் போய் நிற்கும். வாத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பென்று பாட்டுச் சொல்லாது. பிறகு அதே பாட்டை இரண்டாம் தரம், மூன்றாம் தரம் பாடுவார்கள். ஒன்றிரண்டு சொல் மட்டும் மாறும். அந்த ஒரு சொல் மாறுகிற இடத்தில்தான் அழுகை வரும்.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. மாலைச் செபத்தில் ஒன்றையே ஐம்பது தரம் சொல்கிற சனம் நாங்கள்.

அந்தக் காலத்து அரசர்கள், சனம் என்ன பாடுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டுவர ஆட்களை அனுப்பினார்களாம். மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்களாம். பாட்டைக் கேட்டால் நாட்டில் என்ன குறை என்று அரசனுக்கு விளங்குமாம். நல்ல ஏற்பாடு. எங்கள் நாட்டில் பாட்டுப் பாடியவனைத்தான் தேடி வருவார்கள்.

பிறகு வந்தார்கள் உரையாசிரியர்கள். ஒரு பெட்டை ஆற்றங்கரையில் தன் பெடியனுக்குக் காத்திருக்கிறாள் என்று பாட்டிருந்தால், அது பெட்டை அல்ல, மந்திரி; பெடியன் அல்ல, அரசன்; ஆறு என்பது வரிக்கொள்கை என்று எழுதினார்கள். அதையே நூற்றாண்டுக் கணக்காகப் படிப்பித்தார்கள். அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறவன் எல்லாம் அந்தப் பாட்டுகளை மனனம் செய்யவேண்டும். கீரை பறித்தவள் ஏதோ வாயில் வந்ததைப் பாடிவிட்டுப் போக, அதை ஒப்புவித்தவனுக்குக் கந்தோரில் கதிரை. ஹெர் ஷ்டால்டர் இதைச் சொல்லிவிட்டு அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். “நல்ல காலம், நாங்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை” என்றார்.

சோலோதுர்ன் மாஸ்டரின் கண்டுபிடிப்பு

இடையில் ஒன்று. சோலோதுர்னில் எங்கள் ஆட்களின் கலை மன்றம் ஒன்றை நடத்துகிற ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு திருமண வீட்டில் அவரிடம் வாய்தவறி, நான் சீனப் பாட்டுப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் பூ, பறவை, பிறகு பெண்ணின் மனம் என்று விளக்கினேன். மாஸ்டர் கடித்துக்கொண்டிருந்த ரோல்சைத் தட்டில் வைத்தார்.

“தங்கச்சி, உது எங்கடை. எங்கடை பழைய அகப்பாட்டு அப்பிடியே. பறிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

“எப்பிடி மாஸ்டர் பறிச்சவங்கள்?”

“கப்பலிலை.”

“பாட்டையோ?”

“பாட்டு என்ன பாரமே?” என்றார் மாஸ்டர். அந்தப் பாட்டுகள் எங்களுடையவற்றைவிடப் பழையவை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “அப்ப அதுக்கு முதலே பறிச்சிருக்கிறாங்கள்” என்றார்.

என் மனதில் பட்டது வேறு. இரண்டு கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் தெரியாமலே, தங்கள் துக்கத்தை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, முதலில் ஒரு பறவையைக் காட்டியிருக்கிறார்கள். இதில் களவெடுக்க என்ன இருக்கிறது?

ஒரு வெள்ளைத் துணி

கடைசி வகுப்புக்கு ஹெர் ஷ்டால்டர் எங்களுக்கு வீட்டுப்பாடம் தந்தார். அதே நடையில் ஒரு பாட்டு. ஆனால் வாத்து, மூங்கில் எல்லாம் வேண்டாம், உங்கள் வீட்டிலிருந்து ஒன்றை எடுங்கள் என்றார்.

எங்கள் வீடு ஆறு குடும்பம் இருக்கிற மாடிவீடு. நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு உடுப்புத் தோய்க்கும் அறை. இரண்டு வாரத்துக்கு ஒருநாள் எனக்கு, செவ்வாய். அன்று அந்த அறையின் திறப்புச் சாவி என் கையில். மறுநாள் வேறொருவர். அந்த இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு அக்காவின் நினைவுதான் வரும். இங்கே ஒரு இயந்திரம் என் வெள்ளை விரிப்பைச் சுற்றுகிறது, அங்கே ஒரு இயந்திரம் அக்காவின் இரத்தத்தைச் சுற்றுகிறது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்று எழுதினேன்.

செவ்வாயிலை வெள்ளைத் துணி,
தோயுது பார், தோயுது.
கடல் கடந்து என்ரை அக்கா,
ரத்தம் அங்கை தோயுது.

வியாழனிலை வெள்ளைத் துணி,
சுத்துது பார், சுத்துது.
கடல் கடந்து என்ரை அக்கா,
ரத்தம் அங்கை சுத்துது.

ஞாயிறிலை வெள்ளைத் துணி,
காயுது பார், காயுது.
கடல் கடந்து என்ரை அக்கா,
குரல் இஞ்சை கேக்குது.

ஹெர் ஷ்டால்டரும் நானுமாக அதை ஜெர்மனாக்கினோம். வாசித்துக் காட்டியபோது தூங்குகிறவர் கண்ணைத் திறந்தார். வகுப்பு முடிந்ததற்கான கடிதத்தோடு அந்தப் பாட்டையும் அழகாகத் தட்டச்சு செய்து தந்தார் ஹெர் ஷ்டால்டர்.

இனித்தான் என்னுடைய பிழை வருகிறது. அகதியாக வந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆவணம் கேட்டால் நாலு கொடுப்போம். பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஞானஸ்நானச் சான்றிதழையும், அதை எழுதிய சுவாமியாரின் கடிதத்தையும், நாங்கள் சுவாமியாரோடு நிற்கும் படத்தையும் சேர்த்துக் கொடுப்போம். கூடக் கொடுத்துக் கெட்டவன் இல்லை என்பது எங்கள் தலைமுறையின் வேதம். வகுப்புக்குப் போன கடிதம் ஒன்றே போதும். நான் பாட்டையும் வைத்துக் குண்டூசி குத்தி அனுப்பினேன்.

ஐந்து உரையாசிரியர்கள்

இனி அந்த மெழுகு மணக்கும் அறைக்குத் திரும்புவோம்.

இந்த நாட்டில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ஞாயிறு ஓய்வுநாள். புல் வெட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கொடியில் உடுப்புக் காயப்போட்டால் வேலியைத் தாண்டி நாலு வீடு தள்ளியும் கதை போகும்.

“இல்லை” என்றேன். “ஒருக்காலும் இல்லை.”

“ஆனால் இங்கே உங்கள் கையெழுத்தோடு இருக்கிறதே.”

“அது பாட்டு. அந்தச் சீன நடையில் ஒவ்வொரு தரமும் ஒரு சொல் மாறவேண்டும். அதனால் நாளை மாற்றினேன்.”

கண்ணாடி அம்மா குறிப்பேட்டைப் பார்த்தார். “செவ்வாயில் ஊறவைத்தல், வியாழனில் சுற்றுதல், ஞாயிறில் உலர்த்தல். ஒரே ஒரு விரிப்புக்கு மூன்று நாள். உங்களுக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்?”

“இரண்டு கிழமைக்கு ஒன்று.”

அவர் எழுதிக்கொண்டார். அடுத்தவர் இருமிவிட்டு, இரத்தம் பட்ட துணியைப் பொது இயந்திரத்தில் போடுவது சுகாதாரமா என்று கேட்டார். இளைஞர் மட்டும் முன்னுக்குச் சாய்ந்து, இது குறியீடாக இருக்கலாம், வெள்ளைத் துணி என்பது நமது கொடியிலுள்ள வெள்ளைச் சிலுவை, இரத்தம் அதன் சிவப்பு, இந்தப் பெண் நாட்டின் மேல் உள்ள அன்பைச் சொல்கிறார் என்றார். அவர் சொன்னதை ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே பாஸ்போர்ட் வந்திருக்கும். ஆனால் எனக்கு வாயில் சனி.

“இல்லை. இது என் அக்காவைப் பற்றிய பாட்டு” என்றேன்.

“உங்கள் அக்காவும் அந்த வீட்டில்தான் உடுப்புத் தோய்க்கிறாரா?” என்று கண்ணாடி அம்மா கேட்டார்.

தலைவர் கையை உயர்த்தினார். நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். பாட்டு உண்மையென்றால் வீட்டு ஒழுங்கை மீறியிருக்கிறேன். பொய்யென்றால் கோப்பில் பொய்த் தகவல் கொடுத்திருக்கிறேன். இரண்டும் சிக்கல் என்று எனக்கு இரக்கத்தோடு விளக்கினார். பிறகு தன் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“ஞாயிறு என்பதை வெட்டிவிட்டுச் சனி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்றே முடித்துவிடலாம்.”

பேனா என் முன்னால் கிடந்தது. ஒரு சொல். நான் சத்தியமாக எழுதத்தான் கையை நீட்டினேன். சனிக்கிழமை அக்காவுக்கு மெஷின் நாள். சனிக்கிழமை அவர் குரல் எனக்குக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கேட்கும். எனக்கென்று மிஞ்சியிருந்ததே அந்த ஒரு நாள்.

“மாற்ற முடியாது” என்றேன்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் பெருமூச்சு விட்டு, அப்படியானால் தோய்க்கும் அறைக்குப் பொறுப்பானவரிடமிருந்து எழுத்தில் உறுதிக்கடிதம் வேண்டும் என்றார். அடுத்த கூட்டம் மூன்று மாதத்துக்குப் பிறகு.

இவர் வெளியே காத்துக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“ஏனப்பா, ஒரு நாளை மாத்தினால் என்ன? உன்ரை தலையையே கேட்டவங்கள்?”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்து அழுதேன். அவர் சொன்னது சரி. அக்காவுக்கு மூன்று மாதம் என்பது முப்பத்தொன்பது மெஷின் நாள். நான் ஒரு சொல்லைக் காப்பாற்றப் போய் அக்காவை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

நிலவறைச் சாட்சி

பொறுப்பானவர் என்று தலைவர் சொன்னது எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஃப்ராவ் ஏபி. எண்பதைத் தாண்டியவர். இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினொரு வருடம். தோய்க்கும் அறையின் நாள்பட்டியலைப் போடுவது அவர். சுவரில் அறிவித்தல் ஒட்டுவதும் அவர். ‘வடிகட்டியில் பஞ்சை விட்டுச் சென்றவருக்கு நன்றி!’ என்று ஒட்டியிருந்தால் அது நன்றி அல்ல, இயந்திரத்தில் சேர்ந்த நூல்பஞ்சைத் துடைக்காததற்கு ஏச்சு. அது எனக்கு. பதினொரு வருடமாக எங்களுக்குள் அந்தப் பஞ்சுப் போர் நடந்தது. ஒருமுறை மகளுக்குக் காய்ச்சலாயிருந்தபோது, அவருடைய சனிக்கிழமையில் ஒரு அரைமணி நேரம் கேட்டேன். “பட்டியல் பட்டியல்தான்” என்று கதவைச் சாத்தினார்.

அந்த மனுசியிடம் போய் நான் சாட்சி கேட்கவேண்டும்.

பாட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஒரு தட்டில் பத்து ரோல்சும் எடுத்துக்கொண்டு போனேன். ரோல்சை வாங்கவில்லை. பாட்டை மட்டும் வாங்கி, கதவடியில் நின்றபடியே வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

“வடிகட்டி எங்கே?” என்றார்.

“எந்த வடிகட்டி?”

“ஊறுகிறது, சுற்றுகிறது, காய்கிறது. வடிகட்டியைத் துப்புரவு செய்வது பாட்டில் இல்லையே.”

நான் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது அவர் விரல் இன்னொரு அடியில் நின்றது.

“இங்கே ஏன் இரத்தம்?”

குழுவிலிருந்த ஐந்து பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் கதவடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், லண்டன், விசா, ஞாயிற்றுக்கிழமை போன். என் ஜெர்மன் அன்று தடக்கித் தடக்கித்தான் வந்தது.

“வாரத்தில் மூன்று நாளா?” என்றார் கடைசியில்.

“மூன்று நாள்.”

“அது மிகவும் அதிகம்” என்றார் ஃப்ராவ் ஏபி. ரோல்ஸ் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் என் தபாற்பெட்டியில் கடிதம் இருந்தது. அதன் ஒரு பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘ஃப்ராவ் குரூஸ் பதினொரு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உடுப்புத் தோய்க்கவில்லை. தோய்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பாட்டில் உள்ள துணி அவருடையது அல்ல, அவருடைய அக்காவுடையது. அது எங்கள் வீட்டு ஒழுங்குக்குள் அடங்காது. வடிகட்டி விடயத்தில் அவர் இன்னும் கூடிய கவனம் எடுக்கலாம்.’

அடுத்த கூட்டத்தில் இதைத் தலைவர் உரத்து வாசித்தார். ஐந்து பேரும் கையை உயர்த்தினார்கள். நான் எழுந்து கதவுவரை போனபோது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, “உங்கள் அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. “இருக்கிறார்” என்று மட்டும் சொன்னேன். போகும்போது ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை

அதன்பின் கோப்பு மாநிலத்துக்குப் போய், தலைநகர் பேர்ணுக்குப் போய், ஒவ்வொரு மேசையிலும் இளைப்பாறி வந்தது. ஒருவழியாகச் சிவப்புப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அடுத்த கிழமையே ரயில் ஏறினேன். பாசல், பரிஸ், லண்டன். எல்லையில் என் பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் வைத்தேன், கதவு திறந்துகொண்டது. திரும்பிப் போவேனா என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். பாதியாகிப் போயிருந்தார். கையில் மெஷின் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த இடம். அதைத் தடவிக்கொடுத்தேன். பிறகு பாட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு வருடமாக ஒரு ஊரே ஆராய்ச்சி செய்த பாட்டு. யாருக்காக எழுதினேனோ அவர் வாசிக்கவேண்டுமே.

அக்கா கண்ணாடியைப் போட்டு, வாயசைத்து, ஆறஅமர வாசித்தார். முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனடி பிலோ, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் உடுப்போ தோய்ச்சனி?”

“ஐயோ அக்கா! தோய்க்கேல்லை. அது பாட்டுக்காக.”

“பாட்டெண்டாப் போலை பொய் எழுதுவியோ? ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்? சனியெண்டு மாத்து.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து பேரும் ஒரு மேசையும் தேவைப்பட்டிருக்கவில்லை, அக்கா ஒருவரே போதும். சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. “சனியிலை உங்கடை குரல் கேக்கிறேல்லையே அக்கா. மெஷினாலை வந்து படுத்திடுவியள். அதாலைதான் ஞாயிறெண்டு வைச்சனான்” என்றேன்.

அக்கா தாளை மடியில் வைத்து நீவிவிட்டார்.

“இனிச் சனியும் எடு. களைச்சாலும் பரவாயில்லை, கதைப்பம்.”

ஜன்னலோரம் கிடந்த பேனாவை எடுத்தேன். எனக்குப் பாஸ்போர்ட் தருகிறோம் என்று ஒரு ஊரின் குழுவே கேட்டும் மாற்றாத அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, சனி என்று எழுதினேன். அக்கா சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்த அன்று நிலவறைப் படியில் ஃப்ராவ் ஏபியைக் கண்டேன். அக்காவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பாட்டில் ஒரு சொல் மாறிவிட்டதையும் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“சனிக்கிழமை என்னுடைய நாள்” என்றார்.

அவர் இரண்டு படி ஏறினார். பிறகு கைபிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“அக்காவுக்கென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.”